கரையில் கிடக்கும் எஞ்சினைக் காப்பது எப்படி?

வாடைக்காற்று இறுகும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் முல்லைத்தீவு தொடக்கம் மட்டக்களப்பு வரையுள்ள கரையோரங்களில் பைபர் படகுகள் மேட்டுக்கு ஏற்றப்பட்டு வரிசையாகக் கிடப்பதைக் காணலாம். சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களில் இதே காட்சி சோளகம் வீசும் வைகாசி தொடக்கம் ஆவணி வரையான காலத்தில் தெரியும். இந்த மாதங்களில் வலைகளைக் காயவைத்துப் பொத்தி மடித்து வைக்கிறோம். படகை மழைத்தண்ணீர் நிறையாதபடி சாய்த்தோ மூடியோ வைக்கிறோம். எஞ்சினை மட்டும் கழற்றிக் கொண்டுவந்து கொட்டில் மூலையில் சாத்திவிட்டு, காற்றுத் தணியும்வரை அதை மறந்துவிடுகிறோம். ஆனால் வீட்டிலுள்ள சாமான்களுள் அதிக விலை கொடுத்து வாங்கியது பெரும்பாலும் அந்த எஞ்சினாகத்தான் இருக்கும். சங்கத்தில் எடுத்த கடனோ, அடகில் இருக்கும் நகையோ அதற்குள்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத் தொடக்கத்தில், கரையோரக் கிராமம் ஒன்றில் எஞ்சின் திருத்தும் கொட்டிலில் அரைநாள் காத்திருக்க நேர்ந்தது. அந்த அரைநாளில் மூன்று எஞ்சின்கள் வந்தன. மூன்றும் இழுகயிற்றை இழுத்தால் அசையாதவை. வாடைக்கு முன் நன்றாக ஓடிய எஞ்சின்கள் என்று கொண்டுவந்த மூவரும் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். ஒன்றைக் கழற்றியபோது பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருந்தன. கிராங் தண்டைத் தாங்கும் பெயாரிங்கின் உருளைகள் செம்மண் நிறத்தில் இருந்தன. கடலில் ஓடிப் பழுதாகும் எஞ்சின்களைவிட, ஓடாமல் கிடந்து பழுதாகும் எஞ்சின்களே தம்மிடம் அதிகம் வருகின்றன என்பது அந்த மெக்கானிக்கின் கணக்கு. அவருடைய கணக்கை நான் சரிபார்க்கவில்லை. ஆனால் எஞ்சின் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை நம்புவதற்குக் காரணம் உண்டு.

ஓடாத எஞ்சின் ஏன் பழுதாகிறது?

எமது கரைகளில் இன்றும் அதிகமாக உள்ளவை மண்ணெண்ணெயில் ஓடும் டூ-ஸ்ட்றோக் எஞ்சின்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். லொறி, உழவு இயந்திரம் ஆகியவற்றில் இருப்பதுபோல இவற்றின் அடியில் ஒயில் தங்கிநிற்கும் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்து வரும் ஒயில்தான் பெயாரிங்கையும் பிஸ்ரனையும் நனைத்துக்கொண்டு போகிறது. எஞ்சின் ஓடினால் ஒயில் வரும். நின்றால் ஒயில் நின்றுவிடும். கடைசியாக நின்றபோது உள்ளே படிந்திருந்த மெல்லிய படலம்தான் அடுத்த மூன்று நான்கு மாதங்களுக்கு இரும்பைக் காக்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடிய நிலையிலேயே எஞ்சினை நிறுத்தியிருந்தால், எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் அந்தப் படலத்தையும் கரைத்து மெலிய வைத்துவிடுகிறது. பெற்றோலைப் போல அது விரைவில் ஆவியாகியும் போகாது.

இது உள்ளே நடப்பது. தண்ணீர் ஓடும் வழிகளில் நடப்பது வேறு. எஞ்சினைக் குளிரவைப்பது கடல்நீர். கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தியதும் சூடான வழிகளில் தங்கிய நீர் ஆவியாகி, உப்பு மாத்திரம் படிகமாக நிற்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சிறு படை. தொடர்ந்து தொழிலுக்குப் போகும் காலத்தில் மறுநாள் கடல்நீரே அதில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போகும். எஞ்சின் மாதக்கணக்கில் கிடந்தால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து எப்போதும் நனைந்தபடியே இருக்கும். சமையலறையில் மூடாமல் வைத்த உப்பு மாரியில் எப்படிக் கசிகிறது என்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். எஞ்சினின் உடம்பு அலுமினியம். போல்ற்றுகள் துருப்பிடியா உருக்கு. இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் நனைந்த உப்பு இருந்தால் அது பற்றறிக்குள் நடப்பதைப் போன்ற வேலையைத் தொடங்கிவிடும்; அதில் தின்னப்படுவது அலுமினியம். அடுத்த முறை போல்ற்றைக் கழற்றும்போது அது முறிந்து கையில் வருவதற்குக் காரணம் இதுவே.

ஆகவே எஞ்சினைக் கிடத்துவதற்கு முன் செய்யவேண்டியவை மூன்று: உப்பைக் கழுவுதல், மண்ணெண்ணெயை வெளியேற்றுதல், இரும்பு உள்ள இடமெல்லாம் ஒயில் ஏற்றுதல். ஒரு முற்பகல் வேலைதான். வேண்டிய சாமான்கள் ஒரு பரல், நல்ல தண்ணீர், பிளக் கழற்றும் ஸ்பனர், டூ-ஸ்ட்றோக் ஒயில், கியர் ஒயில், தண்ணீரில் கரையாத கிறீஸ் என்பவை.

நல்ல தண்ணீரில் ஓட்டுதல்

மேல் மூடி வெட்டிய ஒரு பரலை வெளியிலே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட்டக்கூடாது; அதன் புகை மணமில்லாமலே ஆளைக் கொல்லும் வாயுவைக் கொண்டது. பக்கத்தில் ஒரு வலுவான மரச் சட்டம் நட்டு, எஞ்சினை அதில் பூட்டி, கால் பரலுக்குள் இருக்கும்படி செய்யவேண்டும். பரலின் விளிம்பிலேயே பூட்டினால் எஞ்சின் அதிரும்போது பரலோடு சரிந்துவிடும். தண்ணீர் மட்டம், புறொப்பெல்லருக்கு மேலேயுள்ள தட்டையான தகட்டைத் தாண்டி நிற்கவேண்டும். புறொப்பெல்லரை முதலிலேயே கழற்றிவிடுங்கள். அது தண்ணீரை வாரி வெளியே இறைக்கும். தவறிக் கியர் விழுந்தால் கையையும் வெட்டும்.

தண்ணீர் இல்லாமல் ‘ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம்’ என்று ஸ்டார்ட் செய்வது பலருடைய பழக்கம். வோட்டர் பம்பிற்குள் சுழலும் ரப்பர் இதழ்களுக்குத் தண்ணீர்தான் வழுக்கல். உலர்ந்த நிலையில் சில வினாடிகள் சுழன்றாலே அவை கருகத் தொடங்கும்.

எஞ்சினைப் பெற்றோலிலேயே ஸ்டார்ட் செய்து, கியர் போடாமல், மெதுவான வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடங்கள் ஓடவிடுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டால் பயனில்லை. எஞ்சின் சூடேறிய பின்னரே தேமோஸ்ரற் திறந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள வழிகளுக்குள் நல்ல தண்ணீர் போகும். பக்கத்துச் சிறு துவாரத்திலிருந்து நீர் பீறிடுகிறதா என்று பாருங்கள். பலவீனமாக வந்தால் ஒரு தடித்த தங்கூசியையோ ஈர்க்கையோ விட்டு அடைப்பை எடுக்கலாம். அப்படியும் வராவிட்டால் உடனே நிறுத்தி வோட்டர் பம்பைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.

நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தீவுப் பகுதிகளிலும் மன்னார்ப் பக்கத்திலும் உள்ளவர்கள் கேட்பது நியாயம். குடிக்கவே வண்டியில் தண்ணீர் வாங்கும் இடத்தில் ஒரு பரல் நிறைய எஞ்சினுக்கு ஊற்றச் சொல்வது எளிதல்ல. ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் எஞ்சின் கரையேறும் காலமும் மழைக்காலமும் ஒன்றுதான். கூரைத் தண்ணீரைப் பரலில் விழவிட்டால் இரண்டு நல்ல மழையில் அது நிறைந்துவிடும். மழைநீரில் உப்பு இல்லை என்பதால் கிணற்று நீரைவிட அதுவே மேல். ஒரே பரல் தண்ணீரில் பல எஞ்சின்களைக் கழுவினால் தண்ணீர் உவர்த்துப்போகும். ஒவ்வொரு எஞ்சினையும் முதலில் உவர்க் கிணற்று நீரில் ஓட்டி, கடைசி ஐந்து நிமிடம் மழைநீரில் ஓட்டுவது சிக்கனமான வழி. உவர் நீரானாலும் கடல்நீரைவிட எத்தனையோ மடங்கு நல்லது. கடற்றொழிலாளர் சங்கம் ஒன்று பொதுவாக ஒரு பரலும் சட்டமும் ஸ்பனர் செட்டும் வைத்திருந்தால் முழுக் கிராமத்துக்கும் போதும்.

மண்ணெண்ணெயை வெளியேற்றி ஒயில் ஏற்றுதல்

பரலில் பெற்றோலில் ஓட்டியதால் குழாய்களிலும் காபுரேற்றரிலும் இருந்த மண்ணெண்ணெய் எரிந்து முடிந்திருக்கும். இப்போது எரிபொருட் குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்ற பின் காபுரேற்றரின் அடியிலுள்ள சிறு திருகாணியைத் திறந்து மிஞ்சிய துளிகளையும் வடித்துவிடவேண்டும். காபுரேற்றரில் தங்கும் எரிபொருள் ஓரிரு மாதங்களில் பிசின்போலாகி ஊசித் துவாரங்களை அடைத்துவிடும். வாடை முடிந்து எஞ்சின் ஸ்டார்ட் ஆகாததற்கு முதற் காரணம் பெரும்பாலும் இதுவே.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. எரிபொருள் தீர்ந்து நிற்கும்போது ஒயிலும் தீர்ந்துதான் நிற்கிறது. அதோடு விட்டுவிட்டால், நல்லது செய்கிறோம் என்று எண்ணி உள்ளுறுப்புகளை வெறுமையாக்கிவிட்டோம் என்றாகும். எனவே எஞ்சின் இறுமித் தள்ளாடி நிற்கப்போகும் கடைசிக் கணங்களில், காபுரேற்றரின் காற்று வாய்க்குள் டூ-ஸ்ட்றோக் ஒயிலைச் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். இதற்கென்று விற்கும் தெளிப்பான் ஒயில் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தையல் மெசின் ஒயில்குப்பி போன்ற ஒன்றும் போதும். வெள்ளைப்புகை மண்டும். அதுதான் வேண்டும். கிராங் பெயாரிங்குகளுக்கு ஒயில் போய்ச் சேர இதைத் தவிர வேறு வழியில்லை.

பிறகு பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி டூ-ஸ்ட்றோக் ஒயில் விடவேண்டும். பிளக் வயர்களின் முனைகளை எஞ்சினின் உலோகத்தில் தொடும்படி வைத்து, நிறுத்தும் சுவிச்சின் கயிற்றையும் எடுத்துவிட்டு, இழுகயிற்றை எட்டுப் பத்துத் தடவை மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் ஒயில் பிளக் துவாரத்தால் முகத்தில் அடிக்கும். சிலிண்டர் சுவர் முழுவதும் ஒயில் படிந்த பின் பிளக்குகளைத் திரும்பப் பூட்டிவிடலாம்.

கியர்ப் பெட்டியும் தங்கூசியும்

காலின் அடியில் உள்ள கியர்ப் பெட்டியைப் பலர் எஞ்சின் வாங்கிய நாள் தொட்டுத் திறந்தே பார்ப்பதில்லை. கீழ்த் திருகாணியையும் மேல் திருகாணியையும் திறந்து பழைய ஒயிலை ஒரு வெள்ளைக் கோப்பையில் வடியுங்கள். ஒயில் கறுப்பாக இருந்தால் கவலையில்லை. பால்விட்ட தேநீர் நிறத்தில் இருந்தால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் கியர்ப் பற்களிலும் பெயாரிங்குகளிலும் துரு ஏறும். இது கிடத்துவதற்கு முன் மெக்கானிக்கிடம் போகவேண்டிய எஞ்சின்.

தண்ணீர் எப்படிப் புகுகிறது? புறொப்பெல்லரைக் கழற்றியிருக்கிறீர்கள் அல்லவா, அதன் தண்டை உற்றுப் பாருங்கள். தங்கூசித் துண்டோ வலை நூலோ சுற்றியிருக்கும். அது ஒவ்வொரு நாளும் இறுகி உள்ளே நகர்ந்து, ஒயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் சீலைக் கத்திபோல அறுக்கிறது. கடலில் எறியப்பட்ட வலைத் துண்டுகள் பெருகப் பெருக இந்தப் பழுதும் பெருகுகிறது. நூலை முழுவதும் எடுத்துத் துடைத்து, தண்டுக்குக் கிறீஸ் பூசி வையுங்கள். புதிய ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றவேண்டும். மேல் துவாரத்தால் குமிழி இல்லாமல் வழியும்வரை ஏற்றி, முதலில் மேலதையும் பின்னர் கீழதையும் பூட்டுங்கள். வாஷர்கள் புதியனவாக இருக்கட்டும். ஒயில் பெரும்பாலும் 90ஆம் இலக்கக் கியர் ஒயில். எஞ்சினோடு வந்த கைநூலில் வேறு இலக்கம் போட்டிருந்தால் அதுவே சரி.

காலில் பூட்டியிருக்கும் சாம்பல்நிறத் துத்தநாகக் கட்டியைச் சிலர் அழகுக்காகப் பெயின்ற் அடித்துவிடுகிறார்கள். கடல்நீர் அலுமினியத்தை விட்டு அந்தக் கட்டியைத் தின்னட்டும் என்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. பெயின்ற் அடித்தால் அது வேலை செய்யாது. பாதிக்குமேல் கரைந்திருந்தால் மாற்றவேண்டும்.

வைக்கும் இடமும் வைக்கும் விதமும்

எஞ்சினை நிமிர்த்தியே வைக்கவேண்டும். கால் கீழே, தலை மேலே. ஓட்டி முடித்த உடன் படுக்கவைத்தால் காலில் தங்கிய நீர் புகைபோகும் வழியால் ஏறிச் சிலிண்டருக்குள் வடியும். படுக்கவைத்தே ஆகவேண்டுமானால் நீரெல்லாம் வடிந்த பின், கைநூலில் காட்டிய பக்கமாக, தலை காலைவிட உயர்ந்திருக்க வைக்கவேண்டும்.

மழைக்குப் பயந்து பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு. பகலில் உள்ளே ஆவியாகும் ஈரம் இரவில் வியர்த்து எஞ்சின்மீதே வடியும். பழைய படுக்கை விரிப்போ சாக்கோ போர்த்து, மேலே ஒழுகாத கூரை இருந்தால் போதும். உரம், உப்பு, சீமெந்து மூடைகளின் பக்கத்தில் வைக்கவேண்டாம். நீர் பீறிடும் சிறு துவாரத்தைத் துணியால் அடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். அடைத்ததை நினைவுபடுத்த இழுகயிற்றில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவது நல்லது. மாதம் ஒருமுறை கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று சுற்று இழுத்துவிட்டால் பிஸ்ரன் ஒரே இடத்தில் நிற்காது.

ராங்கியில் மிஞ்சிய எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒயில் கலந்த பெற்றோலை அடுத்த பருவம்வரை வைத்திருக்காமல், இப்போதே ஓடிக்கொண்டிருக்கும் வேறு டூ-ஸ்ட்றோக் எஞ்சினுக்குக் கொடுத்துவிடுங்கள். படகு மண்ணெண்ணெயை வீட்டுக் குப்பி விளக்குக்கோ அடுப்புக்கோ ஊற்றவே கூடாது. பெற்றோல் ராங்கியும் மண்ணெண்ணெய் ராங்கியும் மாறிமாறிப் பயன்படும் இடத்தில் இரண்டும் கலந்திருக்கும். பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் விளக்கில் எரியாது, வெடிக்கும்.

எதிர்பாராமல் தொழில் நின்றுபோகும்போது

வாடையும் சோளகமும் சொல்லிவிட்டு வருபவை. எஞ்சின்கள் சொல்லாமல் நின்றுபோன காலங்களும் உண்டு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் மண்ணெண்ணெய் வாரக்கணக்கில் கிடைக்காமல் போனது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதும், கிடைத்தாலும் வாங்க முடியாமல் பலர் கரையில் இருந்தார்கள். ‘நாளைக்கு எண்ணெய் வரும்’ என்று காத்திருந்ததால் எவரும் எஞ்சினைக் கழுவி ஒயில் ஏற்றவில்லை. நாளை நாளை என்று மாதங்கள் போயின. ஆகவே எக்காரணத்தாலோ பத்து நாட்களுக்குமேல் தொழில் இல்லை என்று தெரிந்தால், முழு வேலையையும் செய்யாவிட்டாலும் நல்ல தண்ணீரில் ஓட்டுதல், கடைசியில் பெற்றோலில் நிறுத்துதல், சிலிண்டருக்குள் ஒயில் விடுதல் என்பவற்றையாவது செய்துவிட வேண்டும். தினமும் கரைக்கு வரும் முன் கடைசிச் சில நிமிடங்களைப் பெற்றோலில் ஓட்டி நிறுத்தும் பழக்கம் இருந்தால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

எஞ்சின் கடலுக்குள் மூழ்கினால் என்ன செய்வது? 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது எத்தனையோ எஞ்சின்கள் நீருக்குள்ளும் மணலுக்குள்ளும் போயின. வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதுவே அந்த எஞ்சினுக்கு முடிவு. உப்புநீரில் நனைந்த உருக்கைக் காற்றுப் பட்டதும் துரு விரைந்து பிடிக்கும். எடுத்த சில மணி நேரத்துக்குள் நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துவாரங்கள் கீழ்நோக்க வைத்து, கயிற்றை மெதுவாக இழுத்து நீரை வெளியேற்றி, ஒயில் விடவேண்டும். இழுக்கும்போது மணல் உராயும் சத்தம் கேட்டால் மேலும் இழுக்கக்கூடாது. உடனே இவ்வேலையைச் செய்ய வசதியில்லையாயின், எஞ்சினைக் கழுவியபின் ஒரு பரல் நல்ல தண்ணீருக்குள் முழுவதுமாக அமிழ்த்தி வையுங்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும், மெக்கானிக் வரும்வரை காற்றுப் படாமல் நீருக்குள் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு.

அண்மைக் காலத்தில் சிலர் போர்-ஸ்ட்றோக் எஞ்சின்களுக்கு மாறியிருக்கிறார்கள். அவற்றுக்கு அடியில் ஒயில் உண்டு; கிடத்துவதற்கு முன் அந்த ஒயிலை மாற்றிவிட வேண்டும். பாவித்த ஒயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். இவற்றைத் தவறான பக்கத்தில் படுக்கவைத்தால் ஒயில் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். மற்ற எல்லாம் மேலே சொன்னபடியே.

திரும்பவும் கடலுக்கு

காற்றுத் தணிந்ததும் சிவப்புத் துணியைப் பார்த்து, துவாரத்தின் அடைப்பை எடுங்கள். பிளக்குகளைக் கழற்றிக் கயிற்றை இழுத்து, தேங்கிய ஒயிலை வெளியேற்றித் துடையுங்கள். ராங்கியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்து, புதிதாகக் கலந்த பெற்றோலை ஊற்றி, முதலில் பரலிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். உள்ளே பூசிய ஒயில் எரிவதால் முதல் ஐந்து பத்து நிமிடங்கள் புகை அதிகமாகத்தான் இருக்கும். அதைக் கண்டு பயந்து நிறுத்தவேண்டாம். கவனிக்கவேண்டியது புகையை அல்ல, பக்கத்துத் துவாரத்தால் நீர் வருகிறதா என்பதை. மாதக்கணக்கில் ஒரே வளைவில் நின்ற ரப்பர் இதழ்கள் சில வேளை நிமிராது. நீர் வரவில்லையென்றால் நிறுத்தி, இதழ்ச் சக்கரத்தை மாற்றிய பின்னரே ஓட்டவேண்டும். புகை தெளிந்ததும் புதிய பிளக்குகளைப் போட்டு, பழையவற்றைத் துடைத்துப் படகுப் பெட்டிக்குள் அவசரத்துக்கு வையுங்கள். முதல் நாள் ஓட்டத்தில் எஞ்சினை முழு வேகத்துக்கு விடாமல், கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே ஒரு மணி நேரம் ஓடிப் பாருங்கள்.